மூன்றாவது கோல் மாற்றம்

"டீச்சர், இனிமே சண்டையே வராதுங்க. எல்லா ஓட்டத்தையும் வீடியோ எடுக்கிறோம்" என்று சென்ற வருடம் வலய விளையாட்டுப் போட்டிக்கு முன் ஓர் இளம் உடற்கல்வி ஆசிரியர் போனில் சொன்னார். போட்டி முடிந்த மறுநாளே அவர் மறுபடி எடுத்தார். குரல் கம்மிப் போயிருந்தது. ஒரே ஓட்டத்துக்கு ஏழெட்டு வீடியோக்களாம். ஒவ்வொரு பாடசாலையும் தன்னுடைய வீடியோதான் சரி என்கிறதாம். முன்பெல்லாம் மைதானத்தில் நின்றவர்கள் மட்டும் கத்தினார்கள். இப்போது கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிறவர்களும் சேர்ந்து கத்துகிறார்கள்.

"நீங்க எப்பிடி டீச்சர் சமாளிச்சீங்க? எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்.

நான் சமாளிக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். ஆறுதலான கட்டுரையை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் மலையில் முடியாத வாக்குவாதங்களுக்குக் குறைவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹட்டன் பஸ் நிலையத்தில் இரண்டு பேர் ஒரு பழைய கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி, அந்த ஆட்டக்காரர் அவுட்டா இல்லையா என்று கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற வாரத்தில் அதே இடத்தில், அதே ஆட்டத்தைப் பற்றி வேறு இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தேர் எந்தப் பிரிவுக்கு முதலில் போவது என்ற வழக்கில் திருவிழாவே நின்றுபோன தோட்டங்களை எனக்குத் தெரியும். மலைத் தோட்டத்து மக்களான எங்களை என்ன பெயரால் அழைப்பது என்று மண்டபம் மண்டபமாகப் பேசுகிறார்கள். பேசட்டும், பெயர் முக்கியம்தான். ஆனால் அந்த மண்டபத்தில் மற்றவர்கள் உட்காரக் கதிரை அடுக்கிவிட்டுப் போகிறவர்களின் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அதைப் பற்றி மட்டும் ஒருவரும் மேசையைத் தட்டிப் பேசுவதில்லை.

நான் உடற்கல்வி ஆசிரியை. ஆசிரியர் கலாசாலை முடித்து முதலில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தேன். மைதானம் கிடையாது. தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், காலையில் அவர்கள் கலைந்து போன பிறகு, பிள்ளைகளை ஓடவைத்தேன். பெண் பிள்ளை டீச்சர் காற்சட்டை போட்டு நிற்கிறாளே என்று பேசினார்கள். அது ஒரு வருடத்தில் அடங்கியது. பிறகு ஹட்டனுக்கு மாற்றம் கிடைத்தது. அங்கேதான் ஜவ்பர் சேரிடம் தொழில் கற்றேன்.

ஜவ்பர் சேர் எங்கள் கல்வி வலயத்தின் உடற்கல்வி ஆலோசகர், போட்டிகளில் தலைமை நடுவர். ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். எந்த மழையிலும் கழுத்துப்பட்டி கட்டித்தான் மைதானத்துக்கு வருவார். பேசினால் நாம் குனிந்துதான் கேட்க வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடும் பாடசாலை அதிபர்கள்கூட அவர் முன்னால் வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். இல்லாவிட்டால் அவர் என்ன சொல்கிறார் என்று அவர்களுக்குக் கேட்காது.

போட்டி நாள் காலையில் நடுவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடப்பார். சுண்ணாம்புக் கோடு ஒவ்வொன்றையும் பாதத்தால் தொட்டுப் பார்ப்பார். பனியில் கரைந்த இடத்தை மறுபடி போடச் சொல்வார். அஞ்சலோட்டம் என்றால் கோல் மாற்றும் இடத்தில் எங்களை முக்காலியில் உட்காரவைத்து, கண் கோட்டுக்கு நேராக வருகிறதா என்று எங்களுக்குப் பின்னால் குந்திப் பார்ப்பார்.

அஞ்சலோட்டத்தில் நான்கு பேர் ஓடுவார்கள். ஒருவர் அடுத்தவரிடம் கோலைக் கொடுக்க வேண்டிய இடம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் கோல் கைமாறிவிட வேண்டும். விதியில் சொல்லப்படுவது கோல் மட்டும்தான். கோலை வாங்குகிற பிள்ளை முன்னால் ஓடிக்கொண்டே கையைப் பின்னுக்கு நீட்டுவதால், அவளுடைய கால் கோட்டைத் தாண்டியிருந்தாலும் கோல் உள்ளே இருக்கலாம். அது சரியான மாற்றம்.

"கோல் கைக்கு மாறும்போது பட்டுன்னு ஒரு சத்தம் கேக்கும் டீச்சர்" என்பார் சேர். "அந்தச் சத்தம் கேக்கிற நேரத்துல கோல் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க. காலப் பாக்காதீங்க. கால் உங்கள ஏமாத்திரும்."

பார்த்த பிறகு, சரி என்றால் வெள்ளைக் கொடி, பிழை என்றால் மஞ்சள் கொடி. கொடியைத் தூக்கிய பிறகு திரும்பி முடிவுக் கோட்டைப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய சொந்தச் சட்டம். "யாரு மொதல்ல வந்தாங்கன்னு நீங்க தெரிஞ்சிக்க வேணாம். தெரிஞ்சா உங்க கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி ஞாபகம் வச்சிக்கும்." ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் வந்து, "சொல்லுங்க" என்பார். ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். 'நான் நினைக்கிறேன்' என்று ஆரம்பித்தால், "நெனைக்கிறதுக்கு இல்ல, பாக்கிறதுக்குத்தான் உங்கள இருத்தினேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அன்று முழுக்க நமக்குச் சோறு இறங்காது.

இனி அந்த ஓட்டத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பாடசாலைகளின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் கட்டுரைக்கும் மறுப்பு வரும். ஒன்று மேட்டில் இருந்தது, மற்றது ஆற்றோரம் இருந்தது. மேட்டுப் பாடசாலை, ஆற்றுப் பாடசாலை என்றே சொல்கிறேன்.

மேட்டுப் பாடசாலையில் கலைச்செல்வி என்று ஒரு பிள்ளை. அப்பா அம்மா இருவரும் தோட்டத்தில் வேலை. ஒல்லியான கறுத்த பிள்ளை. காலில் சப்பாத்து இல்லாமல்தான் ஓடுவாள். தேயிலை மலையின் குறுக்குப் பாதைகளில் ஏறி இறங்கியே அந்தக் கால்கள் உரமாகியிருந்தன. அவள் என் மாணவி இல்லை. ஆனால் வலயத்தில் அவளைத் தெரியாத உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. விடுதி வசதியுள்ள ஒரு பெரிய பாடசாலையில் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். மாகாணப் போட்டியில் அவள் ஓடுவதை அவர்களுடைய பயிற்சியாளர் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவளுடைய வயதுப் பிரிவில் அது அவளுக்குக் கடைசி வருடம்.

அன்று காலை நூறு மீற்றரில் அவள் வெடிச் சத்தத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டாள். தவறான ஆரம்பம் என்று வெளியேற்றினார்கள். நடுவருக்குத் தலையை ஆட்டிவிட்டுப் புல்லில் போய் உட்கார்ந்தாள். அந்த மைதானத்தில் அன்றைக்குத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது அவள் ஒருத்திதான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

மிஞ்சியது அஞ்சலோட்டம். வலயத்தில் முதலாவதாக வரும் அணி மாகாணத்துக்குப் போகும். கலைச்செல்வி கடைசியாக ஓடுபவள். அவள் கோல் வாங்கும் மூன்றாவது மாற்றம் என் பொறுப்பில்.

ஆரம்பத் துப்பாக்கி வெடித்தபோது மைதானத்தின் பாதியைப் பனி மூடியிருந்தது. மேட்டுப் பாடசாலையின் மூன்றாவது பிள்ளை வளைவில் வந்தபோது களைத்திருந்தாள். கலைச்செல்வி வேகமாகப் புறப்பட்டுவிட்டாள். பின்னால் வந்தவள் உடம்பை முன்னுக்கு எறிந்து கையை நீட்டினாள். பட்டென்று சத்தம் கேட்டது. கோல் கோட்டுக்கு உள்ளே இருந்தது. கலைச்செல்வியின் வலது கால் கோட்டுக்கு வெளியே இருந்தது. நான் வெள்ளைக் கொடியைத் தூக்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கலைச்செல்வி முதலாவதாக வந்தாள் என்பதை ஆரவாரத்தில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். அடுத்த நிமிடமே வேறு மாதிரியான சத்தம். ஆற்றுப் பாடசாலை அதிபரும் அவர்கள் பக்கத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்கள் இருந்தது மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில். அங்கிருந்து பனிக்குள் என் முக்காலிகூடத் தெரிந்திருக்காது. "காலு வெளிய! நாங்க எல்லாரும் பாத்தோம்!" என்று தலைவர் கத்தினார்.

ஜவ்பர் சேர் என்னிடம் வந்தார். "சொல்லுங்க."

"கோல் உள்ளே கைமாறியது, சேர்."

"கால்?"

"வெளிய சேர்."

தலையை ஆட்டினார். அதிபரிடம் திரும்பி, "கால் வெளியதான் சேர், நீங்க சொல்றது சரி. கோல் உள்ள. ஓட்டம் செல்லும்" என்றார்.

"காலு வெளியன்னு அவரே ஒத்துக்கிட்டாரு!" என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். இருபத்துச் சொச்ச வருடங்களாக எங்கள் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதம் அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தது.

மேன்முறையீடு செய்தார்கள். அதற்கென்று ஒரு குழு உண்டு. இரண்டு அதிபர்கள், வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி. விதிப்புத்தகத்தைத் திறந்து ஒரு பந்தியை வாசித்தால் முடிந்துபோகும் வேலை. ஆனால் குழு யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. அடுத்த கிழமை காரியாலயத்தில் கூட்டம் என்றார்கள்.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. முதலில் ஆற்றுப் பக்கத்தார் கால் பற்றிப் பேசினார்கள். கால் கணக்கில் வராது என்று தெரிந்ததும் சுண்ணாம்புக் கோடு சரியாகப் போடப்பட்டதா என்று கேட்டார்கள். அதற்கும் பதில் கிடைத்ததும் கலைச்செல்வியின் வயதைக் கேட்டார்கள். அதுவும் சரியாக இருந்தது. அடுத்து நான். என் அண்ணன் மேட்டுத் தோட்டத்துப் பக்கம் பெண் எடுத்தவராம். நான் எந்தத் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன் என்று ஒருவர் கேட்டார். "பொம்பள நடுவருக்கு அந்தப் பனியில கண்ணு தெரியுமா?" என்று இன்னொருவர். மற்றப் பக்கமும் சளைத்தவர்கள் இல்லை. மேட்டுப் பாடசாலை தங்கள் பக்க மாகாண சபை உறுப்பினரைக் கூட்டி வந்திருந்தது. அவர் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தம்முடைய மக்கள் வரலாறு முழுக்க வஞ்சிக்கப்பட்டவர்கள் என்று பேசினார். எதிர்த் தரப்பில் இருந்தவர்களும் அதே மக்கள்தான் என்பது அவருக்கு நினைவில்லை.

நான் பார்த்தது என்ன என்று மட்டும் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாக எழுந்து, "கோல் உள்ளே கைமாறியது" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும், இருங்க டீச்சர்" என்றார் குழுத் தலைவர்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணியும் மறுபடி ஓடட்டும். ஜவ்பர் சேர் எழுந்தார். "நடந்த ஓட்டத்துல பிழை இருந்தாத்தான் மறுபடி ஓட்டலாம். என்ன பிழைன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்." குழுத் தலைவர் நாட்காட்டியைத் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமை என்றே முடிவாயிற்று.

அந்த ஞாயிறு மேட்டுப் பாடசாலை அணி வரவில்லை. வென்றவர்கள் ஏன் மறுபடி ஓட வேண்டும் என்று அவர்களுடைய அதிபர் தடுத்துவிட்டார். ஆற்றுப் பாடசாலை வந்து, தங்களை வெற்றியாளராக அறிவிக்கச் சொல்லி நின்றது. பெரியவர்கள் பார்வையாளர் கூரையின் கீழ் நின்று அதே பழைய கதையைத் திரும்பவும் ஆரம்பித்தார்கள்.

நானும் சேரும் முடிவுக் கோட்டருகே நின்றோம். நல்ல குளிர். அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பாடசாலை விளையாட்டு உடுப்பு, அதற்கு மேல் யாருடையதோ ஒரு பெரிய கம்பளி ஜம்பர். கலைச்செல்வி.

"யாரோட வந்தே?" என்று கேட்டேன்.

"தனியாத்தான் டீச்சர். பஸ்ஸுல வந்தேன்."

"ஒங்க சேர் வரச் சொன்னாரா?"

"இல்லீங்க. போகக் கூடாதுன்னாரு. வந்தா ஓட விடுவாங்களான்னு பாக்க வந்தேன்."

அஞ்சலோட்டத்தைத் தனி ஆளாக ஓட முடியாது என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் கூரையடிக்குப் போனேன். "அந்தப் பிள்ளை வந்திருக்கு. யாராவது அதுகிட்டப் பேசுங்க. மத்த மூணு பேரையும் இப்பக்கூட ஒரு வேன்ல கூட்டி வரலாம்" என்றேன். "நீங்க அந்தப் பக்கத்து ஆளுன்னு இப்பத் தெரியுதா?" என்று ஒருவர் என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார். மறுபடி தொடங்கிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது அவள் ஜம்பரைக் கழற்றிப் புல்லில் வைத்திருந்தாள்.

"சும்மா ஒருக்கா ஓடிப் பாக்கவாங்க சேர்?" என்று ஜவ்பர் சேரிடம் கேட்டாள்.

"ஓடும்மா" என்றார். தன் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, உண்மையான போட்டியில் நிற்பதுபோல முடிவுக் கோட்டுக்கு நேராக நின்றார்.

அவள் வளைவு வரைக்கும் நடந்து போனாள். அங்கே கோல் வாங்குவதுபோலக் கையைப் பின்னுக்கு நீட்டினாள். பிறகு ஓடிவந்தாள். ஈரப் புல்லில் அந்த வெறுங்காலின் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அப்படி ஓர் ஓட்டத்தை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் அந்த மைதானத்தில் முதல் தடவையாக, ஒரு பிள்ளை முடிவுக் கோட்டைத் தொடும் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தேன். சேரும் என்னைத் தடுக்கவில்லை. கூரையடியில் இருந்தவர்களில் ஒரு தலைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் மூச்சு வாங்கியபடி ஜம்பரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பஸ் போயிரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜவ்பர் சேர் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். "இவங்களுக்கு நடுவர் தேவையில்ல டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் நடுவராக நிற்கவில்லை. கேட்டவர்களிடம் கண் பார்வை சரியில்லை என்று சொன்னார். அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறு வாரம் இன்னொரு கூட்டம், அதற்கடுத்து இன்னொன்று. அதற்குள் மாகாணப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் கடந்துவிட்டது. அந்த வருடம் எங்கள் வலயத்திலிருந்து அந்த ஓட்டத்துக்கு ஓர் அணியும் போகவில்லை. இரண்டு பக்கமும் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடின. மற்றவன் போகவில்லை அல்லவா! பெரிய பாடசாலையிலிருந்து வந்த பயிற்சியாளர் வேறு ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்துகொண்டு போனார். கலைச்செல்வி பரீட்சை எழுதிய கையோடு கொழுந்து பறிக்கப் போனாள், பிறகு கொழும்புக்குத் தையல் ஆலைக்கு.

வாக்குவாதம் மட்டும் நல்ல சுகமாக வளர்ந்தது. மாகாண சபைத் தேர்தலில் அது மேடையேறியது. ஒவ்வொரு வருடமும் வலயப் போட்டியன்று யாராவது என்னிடம் வந்து, "இப்பயாவது உண்மையச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்பார்கள். உண்மையை அன்றைக்கே சொன்னேன். ஒரே வசனம்தான். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஜவ்பர் சேர் காலமானபோது மையத்து வீட்டுக்குப் போனேன். வெளியே போட்டிருந்த கதிரைகளில் இரண்டு பழைய அதிபர்கள் உட்கார்ந்து, "அந்தக் காலு..." என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த இருவரையும் பார்த்து, "வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?" என்று உரக்கவே கேட்டேன். என் வாழ்நாளில் பொது இடத்தில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த வருடப் பொங்கலுக்கு முன் இரண்டு பாடசாலைகளின் பழைய மாணவர்களும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல உடுப்பு, கையில் பழத்தட்டு. பொங்கல் விழாவில் ஒரு பட்டிமன்றம் வைக்கிறார்களாம். தலைப்பு, 'அந்த அஞ்சலோட்டத்தில் வென்றது யார்?' நான் நடுவராக இருந்தால் பொருத்தமாக இருக்குமாம்.

"சும்மா ஒரு கலகலப்புக்குத்தாங்க டீச்சர். இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டோம்" என்றார் ஒருவர்.

"கலைச்செல்விகிட்டக் கேட்டீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்தக் கலைச்செல்விங்க?"

கால் என்கிறார்கள், கோடு என்கிறார்கள், எந்த விரல் எங்கே ஊன்றியது என்று படம் வரைந்து காட்டுகிறார்கள். அந்தக் கால் யாருடையது என்று தெரியவில்லை. பழத்தட்டை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்தேன். "போயிட்டு வாங்க" என்றேன். பிளேன்டீகூடக் கொடுக்கவில்லை.

அவர்களுக்கு வேறு நடுவர் கிடைத்தார். பட்டிமன்றம் நடந்தது. இரண்டு அணியுமே வென்றன என்பது தீர்ப்பாம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் காட்ட வந்தது. நான் பார்க்க மறுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பஸ் ஏறி மேட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கலைச்செல்வி கொழும்பிலிருந்து திரும்பி, கல்யாணம் முடித்து, இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உட்கார மர வாங்கு ஒன்றைத் துடைத்துப் போட்டாள். பட்டிமன்றத்தைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கோவம் வரலியா ஒனக்கு?" என்று கேட்டேன். என் கோபத்துக்கு ஒரு துணை தேடித்தான் போயிருந்தேன் போல.

"யாரு ஜெயிச்சான்னு எனக்குத் தெரியும் டீச்சர். அத அவங்க சொல்லித்தானா நான் தெரிஞ்சிக்கணும்?" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"மாகாணத்துல ஓடியிருந்தா நான் எத்தனாவதா வந்திருப்பேன்? அதுதான் டீச்சர் தெரியாமப் போச்சு."